பதினோராம் துளை

ஸ்கார்விக்
19 ஏப்ரல் 2009

அன்பு மகள் இல்வாவுக்கு,

அப்பா நலம். காது மட்டும் போன வருடத்தைவிட மோசம். முப்பத்தோரு வருடம் துளையிடும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவனுக்கு இது எதிர்பார்த்ததுதான். ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு நீ தொலைபேசியில் பேசியது, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது மாதிரி இருந்தது. ஈஸ்டருக்கு வருகிறேன் என்றாயா, வரவில்லை என்றாயா என்று புரியாமல் மூன்று பேருக்கு மீன் ஊறப்போட்டுவிட்டேன். நான்கு நாள் நானே தின்று தீர்த்தேன். இனி எதுவானாலும் எழுத்தில் சொல்.

ஊரில் இப்போது ஒரே பேச்சுதான். உனக்குத் தெரியாததா, எல்னெஸ் நகராட்சியின் தாள்கள் எல்லாம் உன் கை வழியாகத்தானே போகின்றன. நாடு முழுவதும் அணுமின் நிலையங்களில் எரிந்து முடிந்த எரிபொருளை ஐந்நூறு மீட்டர் ஆழத்தில் பாறைக்குள் வைத்து மூடப்போகிறார்கள். எங்கள் ஸ்கார்விக்கா, உங்கள் எல்னெஸா என்று ஜூனில் சொல்வார்களாம். அதற்குள்ளேயே பணத்தைப் பங்கு பிரித்துவிட்டார்கள். மொத்தம் இருநூறு கோடி குரோனா. தேர்வாகும் ஊருக்கு ஒரு பங்கு, தேர்வாகாத ஊருக்கு மூன்று பங்கு. செய்தித்தாளை இரண்டு முறை படித்தேன். அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன்.

ரூனே வந்திருந்தான். நீ சின்னவளாக இருந்தபோதிலிருந்தே என்னோடு அதே இயந்திரத்தில் நின்றவன், அவனுக்கும் இது புரியவில்லை. “தோத்தவனுக்குப் பெரிய கோப்பை, ஜெயிச்சவனுக்குச் சின்னக் கோப்பை. எந்த ஊரு விளையாட்டு இது?” என்று கேட்டுவிட்டு என் காப்பியையும் சேர்த்துக் குடித்தான்.

எங்களுக்கு அந்தப் பெரிய கோப்பை வேண்டாம். ஏழு வருடம், பத்தொன்பது துளைகள். இந்தப் பாறையின் ஒவ்வொரு மீட்டரையும் நானும் ரூனேயும் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறோம். குழி எங்களுக்குத்தான். நீங்கள் மூன்று பங்கை வாங்கி நீச்சல் குளம் கட்டிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை யோயலுக்கு என் அன்பைச் சொல். கோடைக்காவது வா.

அப்பா
ஈவெர்ட்


எல்னெஸ்
3 மே 2009

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை யோயலுக்கு வாசித்துக் காட்டினேன். மீன் கதைக்குச் சிரித்தவன், நீச்சல் குளத்துக்கு முகத்தைச் சுளித்தான். அவனும் எல்னெஸ்காரன் அல்லவா!

பங்கு விஷயம் இங்கேயும் தொண்டையில் சிக்கிய முள்ளாகத்தான் இருக்கிறது. ஒப்பந்தம் நகர்மன்றத்துக்கு வந்த அன்று நான்தான் நடவடிக்கைக் குறிப்பு எழுதினேன். எங்கள் தலைவி மர்கித் பொறுமையாக விளக்கினார். தேர்வாகும் ஊருக்கு வேலை வரும், சாலை வரும், எழுபது எண்பது வருடத்துக்குக் கட்டுமானம் இருக்கும். மற்ற ஊர் இத்தனை வருடம் தன் நிலத்தைத் திறந்து காட்டிவிட்டு வெறுங்கையோடு போகக் கூடாது, அதற்காகத்தான் மூன்று பங்கு என்றார். பணத்தையும் கையில் தரமாட்டார்கள். துறைமுகம், பள்ளிக்கூடம், தொழிற்கூடம் என்று வேலையாகத்தான் செய்து தருவார்கள். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் மீன்பிடிப் படகு வைத்திருக்கும் உல்ஃப் என்ற உறுப்பினர் மட்டும், “ஜெயிச்சா கழிவு நமக்கு, காசு அவங்களுக்கு. இதைப் போய் எங்க ஆத்தாகிட்ட எப்படிச் சொல்றது?” என்றார். இதைக் குறிப்பில் எழுதலாமா என்று மர்கித்திடம் கேட்டேன். எழுது என்றார். எழுதினேன்.

ஒன்று மட்டும் உறுதி அப்பா. இங்கேயும் யாரும் தோற்க விரும்பவில்லை. முப்பது வருடம் எங்கள் ஊர் அணுமின் நிலையத்தின் மின்சாரத்தில் சம்பளம் வாங்கியிருக்கிறோம், அதன் மிச்சத்தை வேறு யார் தலையிலோ கட்டுவது மரியாதை இல்லை என்று கடைத்தெருவில்கூடப் பேசுகிறார்கள். அதனால் உங்கள் பாறை உங்களுக்கே என்று நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

காதுக்கு மருத்துவரிடம் போனீர்களா? போகவில்லை என்று தெரியும்.

அன்பு மகள்
இல்வா


ஸ்கார்விக்
10 ஜூன் 2009

இல்வா,

செய்தி உனக்கு எனக்கு முன்பே வந்திருக்கும்.

நூலகக் கூடத்தில் ஊரே கூடியிருந்தது. பேக்கரியிலிருந்து பெரிய கேக், அதன் மேல் ஊரின் சின்னம். திரையில் கோட் போட்ட மனிதர் பேசினார். அவர் வாயிலிருந்து என்ன வருகிறது என்று எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களின் தோள்களைப் பார்த்தேன். எல்லாருடைய தோளும் ஒரே நேரத்தில் இறங்கியது. அதிலிருந்து தெரிந்துகொண்டேன், எல்னெஸ் என்று.

கேக்கை யாரும் வெட்டவில்லை. நகராட்சித் தலைவர், நூற்றைம்பது கோடி நமக்கு வருகிறது, இது ஊருக்கு நல்ல நாள் என்றார். ஒருவர்கூடக் கை தட்டவில்லை. வேண்டாம் என்று சொன்னதற்குக் கொடுக்கும் கூலி அது. பெண் பார்க்க வந்தவர்கள் போகும்போது பெண்ணின் கையில் சில்லறையைத் திணித்துவிட்டுப் போவார்களா?

கோடை விழாவுக்கு வரவேண்டாம். வீட்டுக்கு வர்ணம் அடிக்கிறேன். உட்கார இடம் இருக்காது.

ஈவெர்ட்


எல்னெஸ்
21 ஜூன் 2009

அன்புள்ள அப்பாவுக்கு,

வர்ணம் அடிப்பதாகச் சொன்னீர்கள். போன வருடம்தான் அடித்தீர்கள். யோயல் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். சரி, நான் கேட்கவில்லை.

இங்கே கொடி ஏறவில்லை, வாணம் விடவில்லை. அறிவிப்பு வந்த அன்று மர்கித் அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரு கோப்பை காப்பி வாங்கித் தந்தார், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து மூன்று பங்கு பேச்சு மறுபடி ஆரம்பித்துவிட்டது. மருந்துக் கடையில் ஒரு அம்மாள் என்னை நிறுத்தி, “உங்க அப்பா ஊருக்குத்தாம்மா யோகம்” என்றாள். உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டு மருந்தை வாங்கி வந்துவிட்டேன்.

எனக்கு ஒரு வரி வாழ்த்து எழுதியிருக்கலாம். நான் ஒன்றும் உங்களிடமிருந்து திருடவில்லையே.

இல்வா


எல்னெஸ்
2 ஆகஸ்ட் 2009

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. உங்கள் நகராட்சியில் வேலை பார்க்கும் தோழியிடம் விசாரித்தேன். தினமும் காலையில் துறைமுகம்வரை நடக்கிறார், ஆனால் யாரோடும் நிற்பதில்லை என்றாள். ரூனே மாமா இப்போது வீட்டுக்கு வருவதில்லையாமே? என்ன நடந்தது?

நண்டு கிடைக்கும் காலம். நீங்கள் வந்தால் இங்கேயே சமைக்கலாம். பயணச்சீட்டை இதோடு வைத்திருக்கிறேன்.

இல்வா


எல்னெஸ்
27 செப்டம்பர் 2009

அப்பா,

பயணச்சீட்டு திரும்பி வரவும் இல்லை, நீங்களும் வரவில்லை. அதற்காகக் கோபித்துக்கொண்டு இதை எழுதவில்லை.

எல்னெஸை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்ற விளக்கம் பதினான்கு பெட்டிகளில் வந்து இறங்கியிருக்கிறது. பொதுமக்கள் படிப்பதற்காக அதை அடுக்கி வைப்பது என் வேலை. பெரும்பாலும் எனக்குப் புரியாத எண்கள். புரிந்தது இவ்வளவுதான். இரண்டு ஊர்ப் பாறையும் நல்ல பாறைதான், ஆனால் ஸ்கார்விக் பாறையில் ஆழத்தில் வெடிப்புகள் அதிகம், அவற்றின் வழியே தண்ணீர் நகர்கிறது. தண்ணீர் நகர்ந்தால் என்றைக்காவது ஒருநாள் எரிபொருளை அடைத்து வைக்கும் செம்புக் கலத்தை அரித்துவிடும். கடைசியில் பின்னிணைப்பாகத் துளையிடும் இடத்தில் கையால் எழுதிய பக்கங்களின் நகல்களை வைத்திருக்கிறார்கள்.

ஒன்பதாவது பெட்டியில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். துளை பதினொன்று, ஆழம் நானூற்று அறுபது மீட்டர், 2006 அக்டோபர். துளையிலிருந்து எடுத்த பாறை உருளை உடைந்து வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்ற எண். மறுநாள் அதே எண். அதற்கும் மறுநாள் அதே எண். கீழே, கட்டத்துக்கு வெளியே, “மூன்று முறை பார்த்தாகிவிட்டது. ஒழுகுகிறது. ஈ. சுண்டெல்.”

தரையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன் அப்பா.

உங்களுக்கு மூன்று வருடமாகத் தெரியும், இல்லையா? பிறகு ஏன் வசந்தத்தில் எனக்கு அப்படி எழுதினீர்கள், குழி எங்களுக்குத்தான் என்று?

பதில் எழுதுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

இல்வா


ஸ்கார்விக்
11 அக்டோபர் 2009

அன்பு மகளே,

கேட்டுவிட்டாய். சொல்லிவிடுகிறேன்.

அந்த உருளை மேலே வந்தபோது விஷயம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நல்ல பாறை முழு ரொட்டி மாதிரி நீளமாக வரும். இது நொறுங்கல் பிஸ்கட்டாக வந்தது. நான் எழுதுகிறவன், ரூனே அளக்கிறவன். முதல் நாள் அவன் எண்ணைச் சொன்னதும் நான் எழுதவில்லை, மறுபடி அள என்றேன். மறுநாள் அளந்தான், அதே எண். அன்று சாயங்காலம் கூடாரத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவன் சொன்னான்: “பாதியாக் கொறச்சு எழுதுடா ஈவெர்ட். பத்தொன்பது துளையில ஒண்ணு. யாரு வந்து பாக்கப்போறா? என் ரெண்டு பசங்களும் இந்த ஊர்லதான் வேலை தேடணும்.”

எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அவன் கேட்டதையே நானும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். இரவெல்லாம் தூங்கவில்லை என்று கதைவிட மாட்டேன், நன்றாகவே தூங்கினேன். காலையில் எழுந்து, இன்னொரு முறை அள என்றேன். அதே எண்தான். மூன்று நாள் எண்ணையும் எழுதினேன். கட்டத்துக்கு வெளியே ஒரு வரி சேர்த்தேன், பின்னால் யாராவது தட்டச்சுச் செய்யும்போது ஒரு புள்ளியை நகர்த்திவிடாமல் இருக்க. அதற்குப் பிறகு இந்தக் கோடைவரை ரூனேயும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

வசந்தத்தில் உனக்கு எழுதியது பொய் இல்லை மகளே. மற்ற பதினெட்டுத் துளைகளும் நன்றாக இருந்தன. அவை பதினொன்றை மூடிவிடும் என்று நம்பினேன். உண்மையையும் எழுதிவிட வேண்டும், ஊரும் ஜெயித்துவிட வேண்டும் என்று இரண்டுக்கும் ஆசைப்பட்டேன். அறிவிப்பு வந்த அன்று கூடத்தில் தோள்கள் இறங்கியபோது, அவற்றை இறக்கியது என் கை என்று தெரிந்தது. அந்தக் கையால் உனக்கு வாழ்த்து எழுத வரவில்லை. அதுதான் விஷயம். வர்ணம் பொய்.

ஜூலையில் ரூனே பெட்ரோல் பங்கில் நாலு பேர் நடுவே, பதினோராம் துளையில் நான் எழுதியதை ஏதோ கோபத்தில் சொல்லிவிட்டான். பிறகு ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரும் திட்டவில்லை. பேக்கரியில் மட்டும் சில்லறையை என் கையில் தராமல் பலகைமேல் வைக்கிறார்கள்.

அடுத்த மாதம் பணத்தை என்ன செய்வது என்று பொதுக்கூட்டம். நான் போகப்போவதில்லை.

அப்பா


எல்னெஸ்
18 அக்டோபர் 2009

என் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் யோயல் கேலி செய்வான்.

நான் ஒன்று சொல்கிறேன், மகள் சொல்வதாக நினைக்க வேண்டாம், அந்தக் குழிக்கு ஐந்நூறு மீட்டர் மேலே குடியிருக்கப்போகிறவள் சொல்வதாக நினையுங்கள். இங்கே எல்லாரும் என்னிடம் கேட்பது, அந்த எண்களை நம்பலாமா என்றுதான். இத்தனை நாள் எனக்குப் பதில் தெரியாது. இப்போது தெரியும். தன் ஊரே தோற்கும் என்று தெரிந்தும் ஒருவர் எழுதிய எண் அந்தப் பெட்டிகளில் இருக்கிறது.

கூட்டத்துக்குப் போங்கள். காது கேட்காது என்று சாக்குச் சொல்லாதீர்கள். நூலகத்தில் வேலை செய்யும் சோல்வெய்க் அக்காவிடம் பேசிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, பேசுகிறதை எல்லாம் தாளில் எழுதிக் காட்டுவார்கள்.

இல்வா


ஸ்கார்விக்
22 நவம்பர் 2009

அன்பு மகள் இல்வாவுக்கு,

போனேன். நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

பள்ளி உடற்பயிற்சிக் கூடம் நிறைந்திருந்தது. சோல்வெய்க் வேகமாக எழுதுகிறவள், ஆனால் எழுத்து கோழி கிளறியது போலத்தான். முதல் ஒரு மணி நேரம் துறைமுகமா, பள்ளிக்கூடமா என்று இழுபறி. பிறகு ஒருவர் அந்தப் பணத்தைத் தொடவே கூடாது, திருப்பி எறிய வேண்டும் என்றார். நிறையப் பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அப்புறம் பேருந்து நடத்தும் ஹோகான் எழுந்து என் பக்கம் கையை நீட்டினான். சோல்வெய்க் எழுதுவதை நிறுத்திவிட்டாள். எழுது என்றேன். எழுதினாள்: “இந்த ஆளோட பேனாதான் நம்ம ஊரைத் தோக்கடிச்சது. இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பணத்தைப் பத்திப் பேச வந்திருக்காரு?”

எனக்கு மேடைப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். ஆனால் எழுந்து நின்ற பிறகு உட்கார வழி இல்லை, நீ எழுதியதும் ஞாபகம் வந்தது. இதைத்தான் சொன்னேன், சோல்வெய்க் அதையும் எழுதி வைத்திருக்கிறாள்:

“தண்ணி வந்துச்சு. வந்துச்சுன்னு எழுதினேன். நாளைக்கே வந்தாலும் அதையேதான் எழுதுவேன். எழுதாம விட்டிருந்தா இன்னிக்கு இங்க கேக் வெட்டியிருப்பீங்க, அந்தக் கலமெல்லாம் ஒழுகுற பாறையில உக்காந்திருக்கும், நம்ம ஊருப் பேர வச்சிக்கிட்டு. இந்தப் பணம் தோத்ததுக்கு வர்ற பணம்னு நானும்தான் நெனச்சேன். இல்ல. ஏழு வருஷம் இந்த ஊரு தன் நிலத்தைத் தோண்டிப் பாருன்னு விட்டுச்சு. தோண்டினதுல கெடைச்ச பதில, தனக்கு எதிரா இருந்தும், மறைக்காம குடுத்துச்சு. அந்த வேலைக்கு உண்டான கூலி இது. தலை நிமிர்ந்து வாங்கிக்குங்க.”

ஹோகான் உட்கார்ந்துவிட்டான். அப்போது கடைசி வரிசையில் ரூனே எழுந்தான். வாய் அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சோல்வெய்க் தாளை என் பக்கம் திருப்பினாள். அதில் இருந்தது: “அளந்தது நான். எழுதினது அவன். கொறச்சு எழுதச் சொல்லிக் கேட்டவனும் நான்தான். அவன் கேக்கல. அவன் கேக்காததுக்கு இன்னிக்கு நான் சந்தோஷப்படுறேன். வீட்ல என் பொண்டாட்டிக்கு இது ஏற்கெனவே தெரியும்.”

கடைசி வாக்கியத்துக்குச் சிலர் சிரித்தார்கள். சிரிப்புக்குப் பிறகு கூட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

பங்கை வாங்கிக்கொள்வது என்று கை தூக்கினார்கள். முதலில் துறைமுகம், பிறகு பள்ளிக்கூடம். ஒரு நிபந்தனையை ஹோகானே முன்மொழிந்தான்: பத்தொன்பது துளைகளின் பக்கங்களும், பதினொன்றையும் சேர்த்து, ஊர் நூலகத்தில் யாரும் எடுத்துப் படிக்கும்படி இருக்க வேண்டும்.

ரூனே என்னோடு வீடுவரை நடந்து வந்தான். இருட்டில் அவன் வாய் அசைந்ததா என்று தெரியவில்லை. பேசினாலும் கேட்டிருக்காது.

அப்பா


எல்னெஸ்
13 டிசம்பர் 2009

என் அன்பு அப்பாவுக்கு,

உங்களுக்குச் சொல்ல என்னிடமும் ஒரு கூட்டம் இருக்கிறது.

வியாழக்கிழமை மன்றத்தில் உல்ஃப் தீர்மானம் கொண்டுவந்தார். ஒப்பந்தத்தை மறுபடி திறக்க வேண்டும், பாதிக்குப் பாதி கேட்க வேண்டும் என்று. ஆதரவு இருந்தது. நான் குறிப்பு எழுதுகிறவள், எனக்குப் பேச உரிமை இல்லை. பேனாவை வைத்துவிட்டு, ஒரு பக்கத்தை வாசிக்க அனுமதி வேண்டும் என்று மர்கித்திடம் கேட்டேன். அவர் வாசி என்றார்.

ஒன்பதாவது பெட்டியின் அந்தப் பக்கத்தை வாசித்தேன். மூன்று நாள், மூன்று எண், கட்டத்துக்கு வெளியே இருந்த வரி. பெயரை மட்டும் வாசிக்கவில்லை. இந்த எண்ணை அவர்கள் பாதியாகக் குறைத்திருந்தால் நம் ஊர் இன்றைக்குத் தேர்வாகியிருக்குமா என்று தெரியாது, ஆனால் கழிவு அந்த ஒழுகும் பாறைக்குள் போயிருந்தால், அதற்கும் நமக்கும் நடுவே இருப்பது ஒரே கடல்தான் என்றேன். இதற்கு மூன்று பங்கு அதிகமா என்று கேட்டேன்.

உல்ஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெயர் என்ன என்று கேட்டார். சுண்டெல் என்றேன். மேசைமேல் இருந்த என் பெயர்ப் பலகையை அவர் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகும் நான் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, தெரியுமே.

“உங்க அப்பாவாம்மா?”

“ஆமா, எங்க அப்பாதான்.”

இதைவிட நிமிர்ந்து நான் எதையும் சொன்னதில்லை அப்பா. தீர்மானத்தை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். குறிப்பில் ஒரே வரிதான் எழுதினேன், தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது என்று. மீதியை உங்களுக்கு எழுதுகிறேன்.

இல்வா சுண்டெல்


ஸ்கார்விக்
10 ஜனவரி 2010

என் மகள் இல்வா சுண்டெல்லுக்கு,

உன் கடிதத்தை ரூனேயிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மூக்கைச் சிந்தினான், சளி என்றான்.

இத்தனை நாள் உன்னிடம் ஒன்றைக் கேட்கவே இல்லை. உங்கள் எல்னெஸ் பாறையிலும் யாரோ ஒருவர் குளிரில் நின்று, உருளையைக் கையில் எடுத்துப் பார்த்து, எண்களை எழுதியிருப்பார். பெட்டிகளில் அவருடைய பெயரும் இருக்கும். யார் என்று கண்டுபிடி. உயிரோடு இருக்கிறாரா, அதே ஊரில்தான் இருக்கிறாரா என்று விசாரி. என் மகள் குடியிருக்கும் தரையைப் பற்றி அவரிடம் நேராகக் கேட்க எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன. பதில்கள் திருப்தியாக இருந்தால் அவர் கையைப் பிடித்துக் குலுக்குவேன். உன் ஊருக்கு வாழ்த்தும் அப்போது நேரிலேயே சொல்வேன், முழு மனதோடு.

பிப்ரவரி மூன்றாம் வாரம், புதன்கிழமை மதிய ரயில். ரூனேயும் வருகிறான். உங்கள் பாறையில் ஒரு துண்டு காட்டினால் போதுமாம், தண்ணீரில் நனைத்து வெளிச்சத்தில் பிடித்தால் எந்த வெடிப்பும் தப்பாது என்கிறான். அவன் நல்ல பாறை என்று சொன்னால் நீ நிம்மதியாகத் தூங்கலாம். அவ்வளவு எளிதில் சொல்ல மாட்டான்.

உன் அப்பா
ஈவெர்ட் சுண்டெல்